அவள் நீக்கிய வரி

தன் கழுத்திலிருந்து நாடி பார்க்கும் கருவியை எடுத்து மேசையில் வைத்த பிறகும் திரையில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. நாலு துடிப்பு. பிறகுதான் கோடு படுத்தது. மறுபடி வைத்து எடுத்தாள். கோடு உடனே படுத்துக்கொண்டது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. முப்பது முறை பார்த்தாயிற்று. தண்ணீர் குடித்தாள், மாடிப்படி வரை போனாள், திரும்பி வந்தாள். கீழே பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பெட்டி, உள்ளே இதே கருவி, எல்லாம் மருத்துவமனைகளுக்கு. மூன்று மணிக்கு வண்டி.

காரணம் தெரியாதது போல நடிக்கவும் வழியில்லை. கருவி அனுப்பும் தகவல் வெள்ளம். சிப்பின் மூளையான செயலி அதை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தால் மூச்சு முட்டிவிடும். அதனால் சிப்புக்குள் டி.எம்.ஏ. என்று ஒரு சுமையாள் உண்டு. செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். செயலியோ சோம்பேறி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நகலை வைத்துக்கொண்டு அதையே பார்க்கும், நினைவகத்தில் புதிது வந்து இறங்கியது அதற்குத் தெரியாது. பழைய நகலைத் தூக்கிப் போடு என்று ஒவ்வொரு முறையும் நிரலில் ஒரு வரி சொல்லியாக வேண்டும். போன மாதம் திரையில் படம் திக்கித் திக்கி வந்தபோது அந்த வரியைத்தான் அவள் நீக்கினாள். மற்ற வேலைகளின் நெரிசலில் பழைய நகல் தானாகவே போய்விடும் என்று கணக்குப் போட்டாள். படம் எண்ணெய் போல ஓடியது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது காதில் அறைந்தது.

மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'சுருக்கம்'. யார் வந்தாலும் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார். தான் பேசினால் முக்கால் மணி நேரம். அவர் அறைக்குப் போனாள்.

"நான் எடுத்த வரியாலதான் சார் தப்பு. வண்டிய நிறுத்தணும்."

எத்தனை முறை வந்தது என்று கேட்டார். ஒரே முறை என்றாள். கண் ஏமாந்திருக்கும் என்றார். அந்த வரியைத் திரும்பப் போட்டால் படம் மறுபடி திக்கும், சரிசெய்ய மூன்று வாரமாவது வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்துதான் இருக்கிறது, தன் தலையில் தானே ஏன் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள் என்று நீளமாகவே கேட்டார்.

அப்பாவின் கடைசி மூன்று நாளும் கட்டிலருகே உட்கார்ந்து அவள் பார்த்தது அப்பாவின் முகத்தை அல்ல, திரையை. அதில் கோடு ஏறி இறங்குகிறவரை நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியை நினைத்து இப்போது பயந்தாள்.

"உங்க கழுத்துல வச்சுப் பாருங்க சார். வரலேன்னா பேசாம போயிடறேன்."

சலித்துக்கொண்டே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். வைத்தார், எடுத்தார். பத்து. இருபது. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். இவள் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு மேல் அவரே எண்ணத் தொடங்கியிருந்தார். வெளியே வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம்.

நாற்பத்தேழாவது முறை கருவியை மேசையில் வைத்தார். திரையில் அவருடைய நாடி துடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. இரண்டு விரலை மெல்லத் தூக்கித் தன் கழுத்தில் வைத்து, திரையைப் பார்த்தபடியே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.