புறங்கை

உள்ளறைத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. மகள் படிப்புக்காக விடுதியில் இருந்தாள். சிமென்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் புருஷன் ஐந்தரைக்கு முன்னால் வரமாட்டான். காலை ஷிப்டு முடிந்து அவள் வந்திருந்தாள். மணி மூன்றேகால்தான். அப்படியும் இழுத்துப் பார்த்தாள். திருடப் போகிறவளுக்குக்கூட இத்தனை பயம் இருக்காது என்று தன்னையே திட்டிக்கொண்டு தரையில் பழைய போர்வையை விரித்தாள். எண்ணெய்க் குப்பி வெந்நீர்க் கிண்ணத்தில் நின்றது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்துச் சூடு வரும்வரை வைத்திருந்து, இடது பாதத்தைப் பிடித்தாள். பத்தொன்பது வருஷமாகச் சலவைக்கூடத்தில் நின்றே வேலை செய்த பாதம். குதிகால் மரக்கட்டைபோல இருந்தது. கட்டைவிரலை உள்ளங்காலில் வைத்து அழுத்தி, மூச்சை விடும்போது அழுத்தத்தையும் விட்டாள். பிறகு கெண்டைக்கால். பிறகு முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழி. அப்படி ஒரு இடம் தன் உடம்பில் இருப்பதே நாற்பத்து மூன்று வயதுவரை அவளுக்குத் தெரியாது. கடைசியில் மல்லாந்து படுத்து, மகளைப் பெற்ற தழும்பின்மேல் கையைப் பரப்பி வைத்தாள். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாள். வயிறு கையை ஏற்றி இறக்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு கதகதப்பு கிளம்பி, தொடை வழியாக ஒரு பக்கமும் நெஞ்சு வழியாக ஒரு பக்கமும் பரவியது. தொண்டையிலிருந்து சத்தம் ஒன்று வந்தது. அதை அவள் அடக்கவில்லை. வேலைக்கென்று வாங்கிப் போட்ட சாமான்போல இத்தனை நாள் இழுத்துக்கொண்டு திரிந்த உடம்பு இதுதானா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே, இந்நேரம் கிடங்கில் அவன் எத்தனையாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பும் வந்தது. கை தானாகவே விலகிவிட்டது.

இதைச் சொல்லிக்கொடுத்தவளை எல்லோரும் ‘மூணாவது மாடி’ என்று கூப்பிட்டார்கள். ஹோட்டலில் பணக்காரர்களுக்கு மசாஜ் செய்யும் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. சலவைக்கூடம் தரைக்குக் கீழே. ஒரே மாதத்தில் இஸ்திரிப் பெண்கள் ஆறு பேர் தோள் தூக்க முடியாமல் லீவு போட்டதும் மேனேஜர் பயந்துபோய், நான்கு புதன்கிழமைகள், சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம், அவளைக் கீழே அனுப்பிவைத்தார். தனக்குத்தானே எப்படிப் பிடித்துவிட்டுக்கொள்வது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

“தேய்க்காதீங்கக்கா. அது பாத்திரம் இல்ல. எங்க வலிக்குதுன்னு கையால கேளுங்க. பதில் வர்றவரைக்கும் காத்திருங்க.”

நாலாவது புதன்கிழமை கொஞ்சம் தயங்கிவிட்டு, தந்திரா என்று ஒன்று இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து செய்வது, சொல்லட்டுமா என்று கேட்டாள். கூடத்திலேயே வாய் அதிகமான ஒருத்தி, தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதால் எல்லோரும் கரண்டு என்று கூப்பிடுகிறவள், உடனே பிடித்துக்கொண்டாள்.

“தந்திரமெல்லாம் எங்களுக்கே அத்துப்படி. அது இல்லாம இந்தச் சூப்பர்வைசர்கிட்ட குப்பை கொட்ட முடியுமா?”

“இது ஏமாத்துற வேலை இல்லக்கா. எதிரெதிரே உக்காரணும். ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு விடணும். ஒருத்தர் நெஞ்சுல ஒருத்தர் கையை வச்சுட்டு சும்மா இருக்கணும். அடுத்தது என்னன்னு அவசரமே கூடாது.”

“நான் எங்க ஆளு நெஞ்சுல கையை வச்சா, உசுரு இருக்கா போயிடுச்சான்னு பாக்குறேன்னு நெனைச்சுக்கும்டி.”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் திரும்ப இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்றபோது, புருஷன் தன் மேல் கடைசியாக எப்போது கை வைத்தான் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இருட்டில் நடப்பது எப்போதாவது நடந்துகொண்டுதான் இருந்தது, அதுவும் ரெண்டு வருஷம் முன்புவரை. அப்போதெல்லாம் அவன் கை எங்கே இருந்தது? பாயில் ஊன்றியிருக்கும். தலையணையைப் பிடித்திருக்கும். அவள் மேல் இருந்ததில்லை. தன்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினாள். அந்த முடிவுதான் அவளுக்குத் தாழ்ப்பாளைப் போடத் தைரியம் கொடுத்தது. அவன்தான் தொடவில்லையே, நான் என்னைத் தொட்டுக்கொண்டால் என்ன?

மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது வாரம் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் சிமென்ட் இறக்கமாட்டார்கள். கிடங்கை மூடிவிட்டார்கள். அவள் கதவைத் திறந்து, எண்ணெய் வாசனையும் கலைந்த தலையுமாக வெளியே வந்தபோது அவன் சொட்டச் சொட்ட முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தட்டவில்லை. கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமாக என்றும் தெரியவில்லை. நாற்காலிக்குக் கீழே தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

“உடம்பு சரியில்லையா?”

“தோள் வலி,” என்றாள். வாயிலிருந்து தானாக வந்த பொய். “கொஞ்சம் எண்ணெய் போட்டேன்.”

“டாக்டரப் பாரேன்.”

“சரியாப் போயிடும்.”

அவன் தலையைத் துவட்டப் போனான். மறுநாள் அவள் தலையணைப் பக்கத்தில் வலிக்கு ஒரு தைலம் இருந்தது. கடை எல்லாம் வீட்டுக்கு எதிர்த்திசையில். அவன் வேலை முடிந்து அத்தனை தூரம் நடந்திருக்க வேண்டும். அவள் அதைத் திறக்கவில்லை. பொய்க்கு மருந்து போடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஐந்து நாள் தாழ்ப்பாளும் போடவில்லை, எண்ணெயும் தொடவில்லை. கரண்டுகூட, “என்னடி, செத்த வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி நிக்கிற,” என்று கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஜன்னலோரம் சும்மா இருந்தான். அவள் போர்வையை விரித்தாள்.

“கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க.”

“எதுக்கு?”

“ஹோட்டல்ல ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுல செஞ்சு பாக்கணும்.”

“நானா அங்க வேலை பாக்குறேன்?”

“ரெண்டு பேர் செய்யணும். பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிட முடியும்?”

மூக்கால் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முட்டி முட்டியில் இடித்தது. கண்ணைப் பார்க்கச் சொன்னால் அவள் நெற்றியைப் பார்த்தான். மூச்சை மெதுவாக விடச் சொன்னதும் உதடு அசைந்தது.

“எண்ணாதீங்க.”

“எண்ணாம, எத்தனை ஆச்சுன்னு எப்படித் தெரியும்?”

“தெரிய வேணாம்.”

எண்ணிக்கை இல்லாத வேலையை வாழ்நாளில் செய்திராதவன் தர்மசங்கடத்தோடு மூச்சுவிட்டான். அவள் தன் கையை அவன் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சுக்குள் சிமென்ட் தூசி இரைந்தது. அதற்கும் கீழே, பூட்டிய அறைக்குள் யாரோ நடப்பதுபோல இதயம். அவன் உடம்பு முதலில் விறைத்து, பிறகு கொஞ்சம் இறங்கியது. கண் அவள் நெற்றியிலிருந்து கண்ணுக்கு வந்தது.

“இப்ப நீங்க வைங்க.”

அவன் கை எழுந்தது. பாதிதூரம் வந்தது. அங்கே திரும்பிக்கொண்டது. புறங்கைதான் அவள் நெஞ்சில் வந்து அமர்ந்தது, நகமும் விரல்முட்டியும் படாதபடி, அவ்வளவு லேசாக.

“இப்படி இல்ல. திருப்பி வைங்க.”

“இதுவே போதும்.”

அப்போதுதான் அவளுக்குள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தது. காய்ச்சல் பார்க்க நெற்றியில் வைத்தது புறங்கை. காலையில் எழுப்பத் தோளில் தட்டுவது புறங்கை. பஸ்ஸில் நெரிசலில் அவளை முன்னால் தள்ளியது புறங்கை. மகளிடம் அப்படி இல்லை. மகளை முழுக் கையால் தூக்கினான், கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினான், போன மாதம்கூட விடுதி வாசலில் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். இவளுக்கு மட்டும்தான் கை திரும்பியது. அது அவன் சுபாவம் என்று பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளைக் குளியல் துண்டுகளை மடிக்கும் துண்டுப் பக்கத்திலிருந்து சாட்டின் பக்கத்துக்கு மாற்றினார்கள். சலவைக்கூடத்தில் அது பெரிய ஏற்றம். பெரிய அறைகளுக்குப் போகும் சாட்டின் விரிப்புகளை எல்லோரும் தொட முடியாது. மாதத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசர் மெல்லிய சாட்டின் துணி ஒன்றை எடுத்துவந்து ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் இழுத்துப் பார்ப்பாள். வழுக்கிக்கொண்டு போனால் சாட்டின் பக்கம். சொரசொரப்பில் சிக்கி நூல் எழும்பினால், “துண்டுப் பக்கம் போ,” என்பாள். அவள் தேறிய அன்று அந்தச் சோதனைத் துணியில் ஒரு சின்னத் துணுக்கை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பெருமையை வேறு எங்கே போய்க் காட்டுவது? மகள் கையில் இழுத்தாள், வழுக்கியது. தன் கையில் இழுத்தாள், வழுக்கியது. அவன் குளித்துவிட்டு வந்து, என்ன விளையாட்டு என்று கையை நீட்டினான். துணி பாதியில் நின்றது. இழுத்ததும் ஒரு நூல் சர்ரென்று உருவிக்கொண்டு வந்தது. அவள் சூப்பர்வைசர் குரலை அப்படியே எடுத்துவிட்டாள்: “இந்தக் கை நல்ல துணி மேல படவே கூடாது. துண்டுப் பக்கம் போ.” மகள் அன்றைக்குப் பூராவும், அப்பா துண்டுப் பக்கம், அப்பா துண்டுப் பக்கம் என்று வீட்டைச் சுற்றி ஓடினாள். அவனும்தான் சிரித்தான்.

“அன்னைக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்,” என்றாள்.

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“விளையாட்டுதான். ஆனா நூல் வந்துச்சே. நானே பாத்தேன்.”

குரலில் கோபம் இல்லை. இந்த லாரி இவ்வளவு பாரம்தான் தாங்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். வேலையில் ஒருவர் சோதித்துச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று வளர்ந்த ஆள். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது, எதையாவது சரிக்கட்டியிருக்கலாம்.

“இத்தனை வருஷமாவா?”

“அப்புறம் கை இன்னும் மோசமாத்தானே ஆச்சு. சிமென்ட் என்ன மருந்தா பூசிவிடும்.”

புறங்கை இன்னும் அவள் நெஞ்சிலேயே இருந்தது. அதற்குக் கீழே அடித்துக்கொண்டது அவனுக்கும் தெரிந்திருக்கும். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பரவாயில்ல என்பான். அதையும் அவன் தோளிலேயே ஏற்றியதாக ஆகும். அதனால் வேறொன்றைச் சொன்னாள்.

“தோள் வலின்னு சொன்னது பொய்.”

“தெரியும். தைலத்தைத் திறக்கவே இல்லையே நீ. அன்னைக்கு நீ உள்ள அழறேன்னு நெனைச்சேன். மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. என்னாலதான் அழறியோன்னு தட்டாம உக்காந்துட்டேன்.”

“அழல.” அடுத்த வார்த்தைதான் கஷ்டமாக இருந்தது. திருடியதை ஒத்துக்கொள்வதுபோல இருந்தது. “நல்லா இருந்துச்சு. என்னை நானே பிடிச்சுவிட்டுக்கிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்க வெளியில மூட்டை தூக்குறீங்க, நான் கதவைச் சாத்திக்கிட்டு…”

அவன் கையை எடுத்துக்கொண்டான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. கால்களை நீட்டி, தன் பாதத்தை யாருடையதோபோலப் பார்த்தான்.

“எப்படிப் பண்ணுவே?”

அவள் எண்ணெயைச் சூடு செய்து கொண்டுவந்தாள். தன் பாதத்தை வைத்துச் செய்துகாட்டினாள். அவன் பார்த்துச் செய்தான். உள்ளங்கையில் ஊற்றியதைத் தோல் குடித்துவிட்டது, மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. குளிக்கும்போது தேய்த்ததைத் தவிர அவன் தன் உடம்பைத் தொட்டவனே இல்லை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. பாதத்தைக் கயிறு கட்டுவதுபோல இறுக்கினான்.

“மூட்டை இல்ல அது.”

“மூட்டையா இருந்தா இந்நேரம் இறக்கிட்டுப் போயிருப்பேனே.”

“மெதுவா. மூச்சு விடுறப்போ விடுங்க.”

விட்டான். கெண்டைக்காலில் ஏதோ ஓர் இடத்துக்கு வந்ததும் நின்று, அதையே திரும்ப அழுத்தினான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தும் அவள் கேட்டிராத சத்தம். பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் கூச்சம்தான். ஆனால் நிறுத்தவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்குப் போனான், தோளுக்குப் போனான். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் துழாவினான்.

“இங்க மட்டும் எட்டல,” என்றான். அவளிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் நகர்ந்து அவனுக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மூட்டை வந்து உட்காரும் இடத்தில், தோல் தடித்து வட்டமாகக் கறுத்து மினுமினுத்தது. இதைக்கூட இத்தனை நாள் பார்க்கவில்லை. எண்ணெய் ஊற்றாமலே உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள். அவன் மூச்சு நின்றது. பிறகு பெரிதாக ஒன்று போனது. அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். செய்ய வேலை இல்லாத அவன் கைகள் இரண்டும் முழங்காலின்மேல் மல்லாந்து கிடந்தன. விரல்கள் பாதி மடங்கி, வெடிப்புகளில் எண்ணெய் நின்று, ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதில் விழுந்துகொண்டிருந்தது.