நிறுத்தி விற்ற மின்சாரம்

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கியதுமே அந்த நான்கு கோபுரங்களும் கண்ணில் படும். ஒவ்வொன்றும் பதினாறு மாடி. அங்கே பராமரிப்பு மேலாளராக இருந்தவள் பிரதீபா. எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்தவள். மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவாள். தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர், குப்பை எல்லாம் அவள் பொறுப்பு. எது நின்றாலும் போன் அவளுக்குத்தான் வரும்.

கோடை தொடங்கியபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். ஐ.டி. கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருப்பவர். பேசத் தெரிந்தவர். பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்து, "கரண்ட்டுக்கும் கோயம்பேடு மாதிரி ஒரு மார்க்கெட் இருக்கு," என்று ஆரம்பித்தார்.

"பகல்ல சோலார் இருக்கும்போது விலை தரையில கிடக்கும். பொழுது சாஞ்சதும் சோலார் போயிடும், எல்லார் வீட்லயும் ஏசியைப் போட்டுடுவாங்க. அப்போ விலை முகூர்த்த நாள் மல்லிப்பூ மாதிரி ஏறும். அந்த நேரத்துல புதுசா ஒரு யூனிட் தயாரிக்கிறதும் ஒண்ணுதான், இருக்கிற ஒரு யூனிட்டை நாம செலவழிக்காம விடறதும் ஒண்ணுதான். நம்மள மாதிரி பத்து இடத்துல விட்டுக்கொடுக்கிறதைச் சேர்த்து ஒரு கம்பெனி மார்க்கெட்ல விக்குது. அதுல நமக்கும் பங்கு வரும். நாட்டுக்கும் நல்லது."

எதை விட்டுக்கொடுப்பது என்பதையும் அன்றே பேசி முடித்தார்கள். கிளப் ஹவுஸ் ஏசி, நீச்சல் குளத்து மோட்டார், வாசலில் இருக்கும் நீரூற்று, கார் சார்ஜர்கள். கம்பெனியிலிருந்து தகவல் வரும் மாலைகளில் இரண்டு மணி நேரம் இவை ஓடாது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற கேசவன் எழுந்து, "நல்ல காரியம்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். ஓரமாக நின்றிருந்த பிரதீபாவுக்கும் அது பிடித்திருந்தது. யாரோ எங்கோ கூடுதலாக நிலக்கரி எரிக்காமல் இருக்க, இங்கே ஒரு நீரூற்று நின்றால் என்ன?

முதல் சில மாலைகள் நன்றாகத்தான் போயின. மதியம் கைபேசிக்குத் தகவல் வரும். மாலையில் பிரதீபா மின் அறைக்குப் போய் அந்தந்த ஸ்விட்சுகளை இறக்குவாள். அப்புறம் முணுமுணுப்பு தொடங்கியது. ஜிம்மில் வியர்க்கிறது. பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் கேக் உருகிவிட்டது. காரில் சார்ஜ் ஏறவில்லை. ஹரிகிருஷ்ணன் ஒருநாள் வரவேற்பறையில் அவளை நிறுத்தினார்.

"பிரதீபா, கிளப் ஹவுஸை எல்லாம் விட்டுடுங்க. சர்வீஸ் லிஃப்ட் நாலு இருக்கு. பேஸ்மெண்ட்ல பெரிய ஃபேன்கள் ஓடுது. ஸ்டாஃப் டாய்லெட் மோட்டார், மாடிப்படி லைட். இதையெல்லாம் நிறுத்துனா கம்பெனி கேக்கற அளவு வந்துடும். ரெசிடெண்ட்ஸுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"சார், அந்த நேரத்துலதான் சமையல்காரம்மாங்க எல்லாம் மேல போவாங்க. அவங்களை மெயின் லிஃப்ட்ல விடலாமா?"

"அது நம்ம ரூல் இல்லையே."

ரூல் என்னவென்று லிஃப்ட் வாசலிலேயே பித்தளைப் பலகையில் பொறித்திருந்தார்கள். வீட்டுப் பணியாளர்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாய்களைக் கூட்டிச் செல்வோருக்கும் அதே பலகையில் அதே அறிவுரை.

"ரெண்டு மணி நேரம்தானே? படி இருக்கு. ஏறட்டும், உடம்புக்கு நல்லது," என்று சொல்லிவிட்டு ஹரிகிருஷ்ணன் மெயின் லிஃப்ட்டுக்குள் போனார். அவர் வீடு மூன்றாவது மாடி.

பொதுக்குழுவில் முடிவானது இதுவல்ல என்று சொல்ல பிரதீபாவுக்கு வாய் வரை வந்தது. வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டாள். அன்று மாலையிலிருந்து சர்வீஸ் லிஃப்ட்டுகள் நின்றன.

சாராள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் காலனியிலிருந்து வருபவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். சாராள் இங்கே மூன்று வீடுகளில் சமைத்தாள். கடைசி வீடு பன்னிரண்டாவது மாடியில், கேசவனுடையது. ஐம்பதைத் தாண்டியவள், முட்டி வலி. முதல் நாள் படியேறிவிட்டு இறங்கி வந்தவள் பிரதீபாவிடம் சண்டைக்கு வரவில்லை. "லிஃப்ட்டு ரிப்பேரா மேடம்? சீக்கிரம் பாக்க சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனாள். ரிப்பேர் இல்லை என்று சொல்ல பிரதீபாவுக்கு நா எழவில்லை.

வெயில் ஏற ஏற, தகவல் வருவதும் அடிக்கடி ஆனது. கடற்காற்று மாமல்லபுரத்தோடு நின்றுவிடும். பொத்தேரி வரை வருவதில்லை. ஜன்னல் இல்லாத மாடிப்படி அடுப்பு மாதிரி கொதித்தது. லைட்டும் கிடையாது. பெண்கள் கைபேசி வெளிச்சத்தில் ஏறினார்கள்.

ஒரு மாலை ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. அவள் சாராளின் காலனிக்காரி, பத்தாவது மாடியில் வேலை செய்பவள்.

"மேடம், சாராக்கா வியிந்துட்ச்சு! பத்தாவது மாடி படிலே கெடக்குது. ரத்தம் வந்துகினே கீது. ஓடியா!"

பிரதீபா ஓடினாள். மெயின் லிஃப்ட்டில் பத்தாவது மாடிக்குப் போய் மாடிப்படிக் கதவைத் திறந்தாள். படித்திருப்பத்தில் சாராள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். நெற்றி கிழிந்திருந்தது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே பார்க்கக் கூடாத மாதிரி வளைந்திருந்தது. ஜெசிந்தா தன் துப்பட்டாவை அவள் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

இருவரும் தாங்கிப் பிடித்து அவளை மெயின் லிஃப்ட்டுக்குள் கொண்டுபோனார்கள். ஏழாவது மாடியில் ஏறிய ஒருவர், தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, "சர்வீஸ் லிஃப்ட் இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்தா இவ இன்னாத்துக்கு வியிறா?" என்றாள் ஜெசிந்தா. அவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிரதீபா ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். "சார், ஒரு அம்மா இருட்டுல விழுந்து கை உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். லிஃப்ட்டையும் லைட்டையும் போடறேன்."

"ஐயோ பாவம்," என்றார் அவர். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"எதுக்கு சார்?"

"இந்த ரெண்டு மணி நேரம் முடியறதுக்கு. நடுவுல போட்டா இன்னைக்கு முழுக்கச் செஞ்சதும் வீணாயிடும், அபராதமும் வரும். அந்த அம்மாவைத்தான் அனுப்பிட்டீங்களே. முடியட்டும், அப்புறம் போடுங்க."

பிரதீபா போனை வைத்துவிட்டு மின் அறைக்குப் போய் எல்லா ஸ்விட்சுகளையும் ஏற்றினாள்.

அன்றே குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் ஹரிகிருஷ்ணன் ஒரு செய்தி போட்டார். பணிப்பெண் ஒருவர் கவனக்குறைவால் வழுக்கி விழுந்துவிட்டார். உங்கள் வீட்டுப் பணியாளர்கள் தரமான செருப்பு அணிவதை உறுதி செய்யுங்கள். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். ஒன்று கேசவனுடையது. பிரதீபா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பணிப்பெண் ஒருவர். இரண்டு வருடமாக இவர்களில் மூன்று குடும்பம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறது. பெயர் கூடவா தெரியாது?

மறுநாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாராள் கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிரதீபா எல்லாவற்றையும் சொன்னாள். ரிப்பேர் இல்லை, வேண்டுமென்றே நிறுத்தியது, நிறுத்தியதை விற்றது, நிறுத்தியது தன் கை என்பது உட்பட.

சாராள் கையிலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்போ நா ஏறாத லிஃப்ட்ட வித்துட்டாங்கோ," என்றாள்.

"ஆமாக்கா."

"அதுக்கு பதிலா ஏறுன படி யாரு ஏறுனது? நானு. என் முட்டி. வித்த துட்டு மட்டும் அவங்குளுதா?" அவள் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "வூட்டுக்குள்ள ஏசி ஓடிகினே இருந்திச்சும்மா. கதவ தொறந்தா ஜில்லுனு மூஞ்சில அடிக்கும். யாரும் எதையும் கம்மி பண்ணல. எங்க மூச்ச புடிச்சி வித்துகினு இருந்துருக்கானுங்கோ."

பிரதீபாவால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய் ரயிலேறினாள். தன் மேல் கோபம், அவர்கள் மேல் கோபம். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் கிளப் ஹவுஸில் ஒரு விழா. மின்சாரத்தைச் சிக்கனமாகக் கையாண்டதற்காகக் கம்பெனி அந்தக் குடியிருப்புக்குக் கேடயம் கொடுத்தது. நீரூற்றுக்கு வண்ண விளக்கு போட்டிருந்தார்கள். உள்ளே ஏசி குளிரில் சிலர் சால்வை போர்த்தியிருந்தார்கள். அன்றைக்கும் மதியமே தகவல் வந்திருந்தது. ஏழு மணி நெருங்கியதும் மேடையிலிருந்த ஹரிகிருஷ்ணன் பிரதீபாவைப் பார்த்துத் தலையசைத்தார். போ, போய் நிறுத்து.

பிரதீபா போனாள். பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்ததை மட்டும் நிறுத்தினாள். கிளப் ஹவுஸ் ஏசி. குளத்து மோட்டார். நீரூற்று. கார் சார்ஜர்கள். சர்வீஸ் லிஃப்ட்டுகளைத் தொடவில்லை.

ஹரிகிருஷ்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கம் புழுங்கத் தொடங்கியது. விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர் மேடையை விட்டு இறங்கி வெளியே வந்தார்.

"என்ன பண்ணியிருக்கீங்க? முதல்ல ஏசியைப் போடுங்க!"

"கம்பெனி குறைக்கச் சொல்லிச்சு சார், குறைச்சிருக்கேன். நீங்க எல்லாரும் ஒத்துக்கிட்டதைத்தான் நிறுத்தியிருக்கேன்."

"கெஸ்ட் வந்திருக்காங்க! பெரியவங்க உக்காந்திருக்காங்க, மூச்சு முட்டுது அவங்களுக்கு."

"சாராளக்காவுக்கும் முட்டிச்சு சார்." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அரங்கத்துக்குள்ளிருந்து தலைகள் திரும்பின. "இருட்டுல, படியில. நீங்க மேடையில வாங்கற கேடயம் அவங்க ஏறின படிக்கு. உங்க வீட்ல ஒரு ஃபேன் கூட நிக்கல. அவங்க கை உடைஞ்சப்போ எவ்வளவு நேரம் பாக்கின்னு கேட்டீங்க. இப்போ நான் கேக்கறேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உக்காருங்க."

கேசவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பிரதீபா எதிர்பார்த்தாள். தினமும் சாராளின் ரசத்தை மெச்சுகிறவர்.

"நீ சொல்றது நியாயம்தாம்மா," என்றார் மெல்ல. "ஆனா, இந்த நேரத்துலயா?"

அவளுக்கு அழுகை வந்தது. ஹரிகிருஷ்ணன் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அந்த மெல்லிய குரல் மேல் வந்தது. "பின்ன எந்த நேரத்துல சார்?" என்று கேட்டாள்.

மறுநாளே வேலை போயிற்று. அடுத்து வந்த ஆள் சொன்னபடி சர்வீஸ் லிஃப்ட்டுகளை நிறுத்தினான். ஆனால் அந்த மாலை ஒருத்தியும் படியேறவில்லை. சாராள் சொன்னதைக் கேட்டிருந்த ஜெசிந்தா, லிஃப்ட் நின்றால் இனி ஏறுவதில்லை என்று காலையிலேயே எல்லாரிடமும் பேசி வைத்திருந்தாள். சமைப்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், குழந்தை பார்ப்பவர்கள் எல்லாரும் வரவேற்பறைப் பளிங்குத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். மேலே அடுப்புகள் எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மெயின் லிஃப்ட்டுகள் ஒவ்வொன்றாக வீட்டுக்காரர்களோடு இறங்கின.

"ஏன் யாரும் மேல வரல?"

"லிஃப்ட்டு ஓடல சார்."

"படி இருக்கில்ல?"

"நீ ஏறு சார். ஏறிட்டு வந்து சொல்லு, அப்பால நாங்க வரோம்," என்றாள் ஜெசிந்தா.

"சரி சரி, மெயின் லிஃப்ட்ல வாங்க."

"அதுல நாங்க ஏறக்கூடாதுன்னு எய்தி போட்டுகீது. அத யாரு எய்துனாங்களோ அவங்களே வந்து கயட்டட்டும்."

பசித்த பிள்ளைகள் அழத் தொடங்கியதும் வாக்குவாதம் குடியிருப்போருக்குள்ளேயே மூண்டது. கடைசியில் ஹரிகிருஷ்ணன் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னார். பலகை இறங்கியது. அன்றிலிருந்து யாரும் எந்த லிஃப்ட்டிலும் ஏறலாம் என்று ஆனது. சர்வீஸ் லிஃப்ட்டுகளும் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஹரிகிருஷ்ணன் அதைத் தன் யோசனை போலவே பேசினாராம். கை தட்டினார்களாம்.

சாராளுக்கு அந்த லிஃப்ட்டுகளால் பயன் இல்லாமல் போனது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மூன்று வீடுகளிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். கேசவன் வீட்டிலும்தான்.

கட்டுப் பிரிக்கும் நாளில் பிரதீபா செங்கல்பட்டுக்கு வந்திருந்தாள். மதுராந்தகத்தில் ஒரு நெல் அரவை ஆலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் டீ குடித்தார்கள். சாராள் டம்ளரை வலது கையில் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என் மேல கோவம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள் பிரதீபா.

சாராள் டீயை ஊதிக் குடித்தாள். "உன் மேல பாதி போய்ட்ச்சு. நீதான் கடசில வாயத் தொறந்தியே."

"மீதி? அவங்க மேல?"

"அது இன்னாத்துக்குப் போவணும்?" என்றாள் சாராள். "இருக்கட்டும்."