ஏழாம் எண் ஆரோக்கியசாலி

ஹெல்சின்கி ஆய்வகத்தில் பதினான்கு வருடம் நுண்ணோக்கியில் கண்ணைத் தேய்த்தவள் நான். எண்பத்தாறாம் வருடம், மாரடைப்பு வந்த நாற்பது பேரின் இரத்தத்தில் நிமோனியாக் காய்ச்சல் பாக்டீரியா ஒன்றின் தடயம் கிடைத்தது. இதயக் குழாய் அடைப்பில் கொழுப்போடு கிருமிக்கும் பங்கிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பேராசிரியர் கோர்ப்பெலா அதைக் காப்பி வேளையில், எல்லார் முன்னாலும், ஏலக்காய் ரொட்டியை மென்றபடி படித்தார்.

"ஏன் சிர்க்கா, மாரடைப்பு என்ன சளியா, தும்முனா ஒட்டிக்க? ஆரோக்கியமானவங்க பட்டியலைப் பாரு. ஏழாம் எண்ணுக்கு உன் நோயாளிங்களை விட அந்தக் கிருமி அதிகமா இருக்கு. முதல்ல சோதனைக் குழாயை ஒழுங்கா கழுவு."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே என்னைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றினார். மற்ற ஆரோக்கியசாலிகள் இரத்தமெல்லாம் சுத்தம். அந்த ஒருவரை வைத்தே என்னைக் கவிழ்த்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான இரத்தம் வேண்டுமென்றால் நாங்கள் வெளியே தேடமாட்டோம். வேலை செய்கிறவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கொடுப்போம். வேலைக்கு வருகிறவன் ஆரோக்கியமானவன், அவ்வளவுதான். யாரும் யாரையும் சோதித்ததில்லை. இரத்தக் குப்பியில் எண் மட்டும்தான் எழுதுவோம், அதற்குரிய பெயர்கள் ஒட்டிய ஓர் உறையில் இருக்கும். பிப்ரவரியில் அதைப் பிரித்தேன். ஏழாம் எண், கோர்ப்பெலா.

மாடிப்படியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் பிறகுதான் என் கண்ணில் பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. நீயே எனக்குச் சாட்சியாக வா என்று கறுவிக்கொண்டேன்.

செப்டம்பரில், நீராவிக் குளியல் முடித்து வந்தவர் ஏரிக்கரையில் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

ஒரு தாளோடு மருத்துவமனைக்குப் போனேன். ஏழாம் எண் ஆரோக்கியமானவர் அல்ல, பட்டியலிலிருந்து நீக்கவும் என்று எழுதியிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் என் ஆராய்ச்சிக்கு உயிர் வரும்.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"பிப்ரவரியிலயே."

"ஏழு மாசமா? படியில நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது பக்கத்துலயே போனியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க, பேராசிரியரே."

பேனாவை எடுத்தார். எழுத எழுத, தாள் போர்வையில் வழுக்கி வழுக்கிப் போயிற்று. தாளை ஒரு விரலால் நான் அழுத்தியிருந்தால் போதும். அழுத்தவில்லை.

"மெதுவா போடுங்க. எனக்கு அவசரமில்லை."

மூன்றாவது முறைதான் பெயர் முழுதாக விழுந்தது. அந்த மூன்று முறையும் எனக்கு இனித்தது.