சூடத்துக்கு நீட்டிய கை

எழுபத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை. வங்காள எல்லையில் சண்டை இன்றா நாளையா என்றிருந்தது. சிலமலை மொக்கையனுக்கோ எதிரி நாட்டைவிடத் தங்கச்சி புருஷன் வீரையாமேல்தான் ஆத்திரம். மனுசனா அவன்? போடி பஸ் ஸ்டாண்டில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, "சண்டை வேணாம்யா, பேசித் தீக்கச் சொல்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். போடிமெட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களின் ஜீப்பில் ஏறி அங்கேயும் அதே பாட்டு. டிரைவர் பாதி மலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நல்லா வேணும்!

மொக்கையனின் ஒரே மகன் வெள்ளைத்துரை பட்டாளத்தில், அதுவும் அந்த எல்லையில் இருந்தான். மகனால் ஊர் இவனுக்குச் சலாம் போட்டது. மாப்பிள்ளையால் அதே ஊர் காறித் துப்பியது. மானம் போகிறதே!

வீரையாவின் மகள் பொன்னுமணிக்கு விடிந்தால் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டிவராமல் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. மொக்கையன் பிடியை அங்கேதான் போட்டான்.

"மாப்ளே, முத்தாலம்மன் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு, சண்டை வரணும்னு. அப்பத்தான் மாலையோட வருவேன்."

தங்கச்சி அன்னக்கொடி அண்ணன் காலில் விழுந்து அழுதாள். அவன் இளகவில்லை.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊரே கூடிவிட்டது. "துரோகிப் பயலே, அடிடா சத்தியத்தை!" என்று பிடித்துத் தள்ளியதில் வீரையாவின் சட்டை கிழிந்தது. எரிகிற சூடத்தின் முன்னால் நின்று அவன் மொக்கையனை மட்டும் பார்த்தான்.

"எம் மகளுக்காகச் சொல்றேன் மச்சான். ஆத்தா சாட்சியா சண்டை வரணும். போன பிள்ளைக திரும்பி வராட்டியும் சரி. நம்ம வெள்ளைத்துரையையும் சேத்துத்தான் சொல்றேன்."

சூடத்தின் மேலே உள்ளங்கையை நீட்டினான்.

ஆத்தா முன்னால் அணைத்த சூடம் பலிக்காமல் போகாது என்று நம்பி வளர்ந்தவன் மொக்கையன். பாய்ந்து வீரையாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாப்ளே! சண்டை வேணாம்! வேணவே வேணாம்!"

டீக்கடையில் மொக்கையனைக் கண்டாலே எழுந்து இடம் கொடுக்கும் பால்பாண்டிதான் முதலில் துப்பினான்.

"தூ! இவனும் துரோகிப் பயதானா?"

விடிந்ததும் மொக்கையன் மாலையோடு போனான். பந்தலில் மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர ஈ காக்கா இல்லை. பொன்னுமணிக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்தபோது தெருவில் வெடி வெடித்தார்கள். கல்யாணத்துக்கில்லை. சண்டை தொடங்கிவிட்டதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். மொக்கையன் மருமகள் கையை விடாமல், நல்ல நேரம் என்றும் பாராமல், ஓவென்று அழுதான்.