தாளிக்காத கட்டடம்

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். முகத்தில் இருப்பதைச் சொல்லவில்லை. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன சமையல் என்று அடுப்படியை விட்டு நகராமலே சொல்லிவிடுவேன். கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமி தாளித்தால் பெருங்காயம் தூக்கலாக இருக்கும். அடுத்த வீட்டு வாலாம்பாள் கறிவேப்பிலையை ஈரத்தோடு எண்ணெயில் போடுவாள். அந்தச் சடசடப்பு சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். யுத்த காலம் அது. ரேஷனில் அரிசி போதாது, கோதுமையைத் தலையில் கட்டினார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த எங்களுக்குக் கோதுமையை என்ன செய்வது என்றே தெரியாது. ஆனால் கஞ்சியோ உப்புமாவோ, மேலே கடுகு வெடித்துக் கொட்டிவிட்டால் எப்படியோ உள்ளே இறங்கிவிடும். தாளிப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் பாதி மாட்டுங்கா அந்த யுத்தத்தைத் தாண்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒருநாள் காலையோடு தாளிப்பு நின்றுபோயிற்று.

செய்தியைக் கொண்டுவந்தவர் என் கணவர் மகாதேவன். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. பின்கட்டுக் குழாயடியில் முகம் கழுவப் போனவர், முகத்தைத் துடைக்காமலே சொட்டச் சொட்ட ஓடி வந்தார்.

"நாகு, எண்ணெய்ச் சட்டியை இறக்கு! அடுத்தாத்து வாலாம்பாளுக்கு அம்மை வார்த்திருக்கு."

"யார் சொன்னா?"

"அவ ஆத்துக்காரன் சுந்தரராமனே சொன்னான். அவாத்து வாசல்லே வேப்பிலை தொங்கறது, போய்ப் பாரு."

எட்டிப் பார்த்தேன். நிஜந்தான். கதவு நிலையில் ஒரு கொத்து, சமையலறை ஜன்னலில் இன்னொரு கொத்து. அந்த வருஷம் பம்பாயில் வைசூரி பரவிக்கொண்டிருந்தது. சுனாபட்டியில், காட்கோபரில் என்று தினம் ஒரு பெயர் காதில் விழும். வாலாம்பாள் சின்னப் பெண். ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்கியது தங்காமல் போய், இப்போதுதான் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தாள். அவளுக்கா இதுவும் வர வேண்டும் என்று ஸ்வாமி மேல் கோபமாக வந்தது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. அந்த வாசனை அம்மனுக்கு ஆகாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு சுவர் தள்ளி இருக்கிற நான் மட்டும் கடுகைப் போட்டு வெடிக்க விட்டால் நன்றாகவா இருக்கும்? சட்டியை இறக்கினேன். என் கணவர் கீழே போய்ச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லாச் சட்டிகளும் இறங்கிவிட்டன.

கீழ்வீட்டு சுப்ரமணிய மாமா இருக்கிறாரே, விசாலாக்ஷி மாமியின் கணவர், எதற்கும் ஒரு சட்டம் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஊரிலிருந்து விருந்தாளி கூடாது. மார்க்கெட்டுக்கு வீட்டுக்கு ஒருவர்தான். திரும்பி வந்தால் மாடிப்படியில் வைத்திருக்கும் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவ வேண்டும். எல்லோரும் வரிசையில் நின்று அம்மை குத்திக்கொண்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக்கட்டு பரணுக்குப் போயிற்று. ஒரே பேப்பரை நாலு வீடு படிக்கும் வழக்கமும் நின்றது. மத்தியானம் எல்லாப் பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து வம்பளப்பதும் போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீர் குடித்தோம். என் கணவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் புத்தியைக் காட்ட ஆரம்பித்தாள். நான் கோதுமையை ரவையாக உடைத்து, ஆவியில் வேகவைத்துத் தேங்காய் தூவினேன். விசாலாக்ஷி மாமி மோர்க்கஞ்சியில் மாங்கொட்டையளவு பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஜன்னல் வழியாக அதன் பெருமையைப் பாடினாள். வேர்க்கடலையை அவித்தோம். வெள்ளரிக்காயைப் பச்சையாகக் கடித்தோம். விசாலாக்ஷி மாமிக்குப் பத்து வருஷ நெஞ்செரிச்சல் போய்விட்டதாம். என் கணவருக்கு வேஷ்டி தளர்ந்தது. ஆனால் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையில் பெருங்காய வாசனை.

"எந்த ஹோட்டல்?" என்றேன்.

"ஒரே ஒரு சாம்பார் வடை, நாகு" என்றார் பாவம்.

இப்படியே வாரங்கள் ஓடின. எனக்கோ வேறு ஒரு குடைச்சல். அடுத்த வீட்டில் நடப்பது ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

முதலாவது, சுந்தரராமனின் முகம். அம்மை கண்ட வீட்டு ஆண்பிள்ளை க்ஷவரம் செய்துகொள்ள மாட்டான். இவனோ தினமும் மழுமழுவென்று ஆபீஸுக்குப் போகிறான். போதாக்குறைக்கு வாயில் ஒரு சிரிப்பு. பெண்டாட்டி அம்மையில் கிடக்கும்போது எவனாவது விசிலடிப்பானா? இவன் படியிறங்கும்போது விசிலடித்தான். என் காதால் கேட்டேன்.

அப்புறம் ஒருநாள் மார்க்கெட்டில் அவன் மாங்காய் பொறுக்குவதைப் பார்த்தேன். பிஞ்சாக, புளிப்பாக, முகர்ந்து முகர்ந்து எடுத்தான். அம்மை வீட்டுக்குப் புளிப்பா? என்னைப் பார்த்ததும் திருடனைப் போலப் பையை மூடிக்கொண்டான்.

காலையில் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தம் வேறு. யாரோ குடலைப் பிடுங்கிக்கொண்டு ஓங்கரிக்கிற சத்தம். அதற்குப் பிறகு மெல்லிய சிரிப்பு. இரண்டு பேர் சிரிப்பு.

ஒரு காலை இட்லிப்பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு நான் என் கணவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"ஏன்னா, அன்னிக்குக் குழாயடியிலே சுந்தரராமன் என்ன சொன்னான்? நீங்க அர்த்தம் சொல்ல வேண்டாம். அவன் வாயாலே என்ன வந்ததோ அதை அப்படியே சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்றது? கையிலே வேப்பிலையோட வந்தான். என்னப்பா விசேஷம்னு கேட்டேன். அந்தண்டை இந்தண்டை பார்த்தான். முகமெல்லாம் செவந்துபோச்சு. 'மாமா, வாலா குளிக்காம இருக்கா. யார்கிட்டேயும் சொல்லிடாதேங்கோ'ன்னான். அம்மை வார்த்தவா குளிக்கப்படாது. எனக்கு அது கூடத் தெரியாதா?"

நான் கரண்டியைக் கீழே போட்டேன். மாசா மாசம் தலைக்குக் குளிக்க வேண்டிய பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்று அவள் புருஷன் முகம் சிவந்து சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று, கல்யாணமாகி இத்தனை வருஷமான இந்த மனுஷருக்குத் தெரியவில்லை! தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"அவ மசக்கையா இருக்கா! தாளிக்கற வாசனை குமட்டறது, அதுக்காக வேப்பிலையைக் கட்டி வச்சிருக்கா. அம்மையாவது, மண்ணாங்கட்டியாவது!"

என் கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ நாம ஒரு மாசமா எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் திடீரென்று எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"நாகு, சுப்ரமணியன் நேத்து முனிசிபாலிட்டிக்குச் சொல்லிட்டார். இன்னிக்குக் காலம்பற வண்டி வரும்."

சுப்ரமணிய மாமாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பெண் சட்டம் போடும் முன்பே பிரசவத்துக்கு வந்திருந்தாள், நாளும் நெருங்கிவிட்டது. பயந்துவிட்டார். ஆனால் அந்த வண்டி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வைசூரி ஆஸ்பத்திரிக்கு. அங்கே நிஜமான அம்மைக்காரர்கள் நடுவில் வாலாம்பாளைக் கிடத்துவார்கள். இரண்டு இழந்தவள். மூன்றாவதை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பவள்.

கீழே ஓடி உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். ஆனால் போன இரண்டு தடவையும் கட்டடம் முழுக்கத் தெரிந்து, எல்லோரும் வளையல் வாங்கலாமா, எந்த நக்ஷத்திரம் வரும் என்று பேசி, பிறகு எல்லோரும் துக்கமும் கேட்டார்கள். அந்தத் துக்கம் கேட்டதுதான் அவளை முறித்தது. இந்தத் தடவை வாயைத் திறக்காமல் இருப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருக்கிறார்கள் என்பது இப்போது எனக்குப் புரிந்தது. அதை உடைக்க நான் யார்?

நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி வாசலில் நின்றது. இரண்டு ஆட்கள், ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு மராத்தி லேடி டாக்டர். அவர்களுக்கு முன்னால் சுப்ரமணிய மாமா, மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு. கட்டடமே படிக்கட்டில் கூடிவிட்டது. சுந்தரராமன் ஆபீஸுக்குப் போயாகிவிட்டது.

நான் மஞ்சள் தண்ணீரையும் மாமாவின் சட்டத்தையும் தாண்டி, டாக்டரோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்தினேன்.

வாலாம்பாள் சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கருகில் ஒரு வேப்பங்கொத்து. பக்கத்தில் கடித்த மாங்காய். முகத்தில் ஒரு பரு கிடையாது. டாக்டரைக் கண்டதும் நடுங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, இவா எல்லாம் யாரு? நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைடி கண்ணு. எல்லாம் எங்காத்து மாமா பண்ணினது."

டாக்டர் கையைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், மாங்காயைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் எனக்குத் தெரிந்த மராத்தியில் வாலாம்பாளின் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். மெதுவாக வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்றாள்.

"மாமி, வெளியிலே சொல்லிடாதேங்கோ" என்றாள் வாலாம்பாள். "குமட்டல் நிக்கறவரைக்குமாவது. நம்ம கட்டடத்திலே யாரும் தாளிக்காம இருக்கறதாலேதான் நாலு வாய் சாப்பிட முடியறது. எண்ணெய் கிடைக்கலையா மாமி எல்லாருக்கும்? யுத்தம் இவ்வளவு மோசமாயிடுத்தா?"

ஆமாம், மோசந்தான் என்றேன். மாமாவின் சட்டமெல்லாம் ஊரில் பரவும் வைசூரிக்காக என்றே இந்த வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

டாக்டர் வெளியே வந்து தன் ஆட்களிடம் சொன்னாள்: "தேவீ நாஹீ. திலா திவஸ் கேலேத்."

எனக்குப் பக்கென்றது. மராத்திக்காரர்கள் அம்மையை தேவி என்பார்கள், நாஹீ என்றால் இல்லை. ஒரு பெண்ணுக்கு திவஸ் கேலேத், அதாவது நாட்கள் போயின என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். இதெல்லாம் காய்கறி விற்கும் பாஜிக்காரியோடு தினம் பேரம் பேசிப் பழகிய எனக்குத் தெரியும். ரகசியம் இதோ, படிக்கட்டில் போட்டு உடைத்தாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

சுப்ரமணிய மாமா துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் ஆயிற்று என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"தேவி போயிட்டாளாம். நாளெல்லாம் கழிஞ்சுடுத்தாம். இனிமே ஒட்டாது. பயமில்லை!"

அந்த மனுஷரின் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணலாம் போல இருந்தது எனக்கு. வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்போ இன்னிக்கே தாளிக்கலாமோல்லியோ?" என்றாள் விசாலாக்ஷி மாமி. கண்ணில் அப்படி ஓர் ஆசை.

"எப்படி மாமி தாளிக்கறது?" என்றேன் நான். "அவ இன்னும் குளிக்கல்லியே!"

அம்மை இறங்கினாலும் தலைக்குத் தண்ணீர் விடும்வரை விரதம் விரதந்தான். மாமி உடனே ஒத்துக்கொண்டாள். நான் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. என் கணவர் மட்டும் பின்னால் நின்று இருமினார்.

அதற்கப்புறமும் கட்டடம் தாளிக்காமல்தான் சாப்பிட்டது. எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று விசாலாக்ஷி மாமி கேட்கும்போதெல்லாம், அம்மன் விஷயத்தில் அவசரப்படலாமா என்று அவளை அடக்கினேன். தினம் காலை சுவரில் காதை வைத்துக் கேட்பேன். ஓங்கரிக்கும் சத்தம் வந்தால் எனக்கு நிம்மதி. ஒருநாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன இரண்டு தடவையும் இப்படித்தான் குமட்டல் நின்றது, நின்ற சில நாளில் எல்லாம் போயிற்று. எனக்குக் காப்பி இறங்கவில்லை. போய்க் கதவைத் தட்டவும் தைரியமில்லை. என்னவென்று கேட்பது?

அடுத்த நாள் காலை கோதுமைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் ஏதோ நடந்தது. முதலில் என் மூக்குக்குத்தான் தெரிந்தது. எண்ணெய் காய்கிற வாசனை. அப்புறம் படபடவென்று கடுகு. அதன் தலையில் ஈரக் கறிவேப்பிலை விழுந்து சடசடவென்று பொரிந்தது. வாலாம்பாள் பசித்துச் சமைக்கிறாள். வாசலுக்கு ஓடினேன். தன் வீட்டு நிலையில் காய்ந்துபோன வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டிருந்த சுந்தரராமன் என்னைப் பார்த்தான். சிரித்தான்.

"டாக்டரம்மாகிட்டே போய்க் காட்டிட்டு வந்துட்டோம் மாமி. எல்லாம் சரியா இருக்காம். நாலாவது மாசமும் தாண்டிடுத்து. இனிமே சொல்லிக்கலாம்."

கீழே விசாலாக்ஷி மாமிக்கு அதற்குள் வாசனை எட்டிவிட்டது. பெருங்காய டப்பாவைத் திறக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. எந்தெந்த வீட்டிலோ எண்ணெய்ச் சட்டிகள் அடுப்பில் ஏறின. நான் அப்படியே வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் கணவர் துண்டும் கையுமாக ஓடி வந்தார். மூக்கை உறிஞ்சி வாசனை பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் நடுங்கியது.

"ஏண்டி அழறே? வாலாம்பாள் குளிச்சுட்டாளா?"

"இல்லேன்னா" என்றேன். "இன்னும் குளிக்கல்லே."