மணலுக்கு இடமிருந்தது

2024 ஓகஸ்ட் 14, புதன்.
மாமியின் சூட்கேஸ் இருபத்திமூன்று கிலோ என்று நேற்று எழுதியிருந்தேன். பிழை. நான் முள்ளைச் சரியாகத்தான் பார்த்தேன், தராசு சரியில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லக்சாயினி பேனையை மூடிவிட்டு எழுதியதைத் திரும்ப வாசித்தாள். பின்னேர ஆங்கில வகுப்பில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் வராததை அவள் தமிழில் எழுதினாள். கொப்பி கிட்டத்தட்ட முழுக்கத் தமிழாகிவிட்டது.

சீதேவி மாமி பாரிசிலிருந்து வந்து மூன்று கிழமை. உப்புவெளியில் கடல் பார்த்த விடுதிகள் வரிசையாக நிற்க, மாமி வந்து இறங்கியது இவர்களுடைய இரண்டறை வீட்டில். "சொந்தம் இருக்கேக்க ஹோட்டலில நிண்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார். சனம் கதைப்பதற்கு அவ்வளவு பயந்தவர், அந்த மூன்று கிழமையில் வீட்டுக்கென்று ஒரு கிலோ சீனி வாங்கி வந்ததைச் சனம் காணவில்லை.

ஊருக்கு வந்த ஞாபகத்துக்குக் கொண்டுபோகும் சாமான் விஷயத்திலும் மாமிக்கு ஒரு கொள்கை இருந்தது: காசு கொடுத்து வாங்குகிறவன் விசரன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழிக் கடைகளில் மரத்தில் செய்த மானைத் தூக்கிப் பார்ப்பார், விலை கேட்பார், கடைக்காரரைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வைப்பார். பிறகு கரையில் இறங்கிச் சிப்பி பொறுக்குவார். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர் பிடித்தார். நிலாவெளியில் ஒரு பால்மா டின் நிறைய மணல் அள்ளினார்.

"விருந்தாளியள் இருக்கிற அறையில கண்ணாடிச் சாடிக்குள்ள போட்டு வைக்கப்போறன். ஊர் மண் எண்டு காட்ட ஒண்டு வேணுமெல்லே."

அந்த ஊர் மண் காலில் ஒட்டினால் மட்டும் உடனே கழுவ வேண்டும். வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது லக்சாயினியின் வேலை. அவளும் சிரித்த முகத்தோடுதான் அள்ளிக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு மாமியில் வரும் வெறுப்பில் பாதி தன்மேலும் வந்தது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அண்ணன் யதுர்சன் பாரிசுக்குப் போய் ஆறு வருடம். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வர ஏலாது. போன மாதம் கதைக்கும்போது, "கடைத் தூளில கறி வைச்சா ஆரோ வீட்டில சாப்பிடுற மாதிரிக் கிடக்கு, அம்மா" என்று சொல்லிவிட்டான். அம்மா கமலாதேவி அன்றே செத்தல் மிளகாய் வாங்கிக் காயவைத்து, குசினிப் புகையில் கண் சிவக்க வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, மூன்று கிலோ தூளைப் பொதியாகக் கட்டினார். மாமி மூக்கைச் சுளித்தார். "பாப்பம். நிறை மிஞ்சினா."

நிறை பார்க்கும் பொறுப்பு லக்சாயினிக்கு வந்தது. டவுனில் ஒரு கடையில் சின்னக் கூலிக்குப் பெட்டி நிறுத்துக் கொடுப்பார்கள். மாமி கேட்கவில்லை. "பெட்டி நிறுக்கவும் காசோ? கரையில தராசு தொங்குதுதானே!"

கரையில் மீன் வாங்கும் கனகரத்தினம் முதலாளியின் வாடியில், தொங்கும் தராசில் சூட்கேசைக் கொளுவினார்கள். மணலும் உள்ளே, தூளும் உள்ளே. முள் சரியாக இருபத்திமூன்றில் நின்றது. விமானத்தில் மாமிக்கு அனுமதித்த நிறையும் அதுதான். லக்சாயினிக்குக் கடவுளைக் கண்டதுபோல் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் அண்ணனுடையது முதலில் கைக்கு வரட்டும் என்று, தூள் பொதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பூட்டினாள்.

இன்று மத்தியானம் அப்பா வல்லிபுரம் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்:

"எந்தத் தராசில நிறுத்தனீங்கள்?"

"முதலாளின்ர வாடியில, அப்பா."

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "இருபது வருசமா அந்தத் தராசில மீன் போடுறன். பத்தைப் போட்டா ஒம்பது எண்டு சொல்லும். மீன் வாங்கிறவன்ர தராசு பிள்ளை அது! அதிட்டப் போய் உண்மை கேட்டனியோ?"

கரையில் இதை அறியாதவர் இல்லை. பக்கத்து வாடித் தராசும் அதன் தம்பிதான் என்பதால் எல்லாரும் சிரித்துவிட்டு மீனைப் போடுவார்கள். முதலாளி காலையில் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் முள்ளைப் பார்ப்பார். கரையில் பிறந்த பிள்ளைக்கு இது மறந்து போனது. பெட்டி மீனல்ல என்பதால் மறந்ததோ என்று அவள் யோசித்தாள். அது ஒரு காரணமாகப் படவில்லை.

கொப்பியில் எழுதிவிட்டு மாமியிடம் போனாள். மாமி கதிரையில் சாய்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்தத் தராசு குறைச்சுக் காட்டும். ரெண்டரைக் கிலோ கூட இருக்கு. மணலை எடுத்தாச் சரியா வரும்."

"மணலையோ? உங்கட தூளை எடுக்கச் சொல்ல வாய் வரேல்ல, என்ன?"

"அது அண்ணாக்கு, மாமி..."

"முள்ளை நான் என்ர கண்ணால பாத்தனான். வகுப்புக்குப் போற ஆளுக்குக் கணக்குத் தெரியும். எனக்குக் கண் தெரியும். போ பிள்ளை, நகம் காயட்டும்."

அவள் போனாள். அப்பா பகிடிக்குச் சொல்லியிருப்பாரோ, தன் கணக்குத்தான் பிழையோ என்று வாசல்வரை யோசித்தாள். பின்னேரம் மாமியை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக அன்ஸார் நானாவின் வாடகை வான் வந்தது. சூட்கேசைத் தூக்கி ஏற்றியதும் அவள்தான்.

அடுத்த நாள் பின்னேரம் அதே வான் திரும்பி வந்து நின்றது. அன்ஸார் கண்ணாடியை இறக்கி ஒரு பொதியை நீட்டினார். அம்மா கட்டிய முடிச்சு அவிழாமல் இருந்தது.

"கட்டுநாயக்கவில இருந்து ஹபரணை மட்டும் தும்மித் தும்மி வந்தன், பிள்ளை."

"என்ன நடந்தது நானா?"

"ரெண்டரைக் கிலோ கூடவாம். கூடின நிறைக்குக் காசு கேட்டாங்களாம். உங்கட மாமி போன் அடிச்சு என்னைக் கூப்பிட்டா. போனா, வாசலடியில பெட்டியைத் திறந்து வைச்சிட்டு நிக்கிறா. ஒரு கையில இது. மத்தக் கையில ஒரு டின். ரெண்டையும் தூக்கித் தூக்கிப் பாத்தா. பிறகு இதைத் தந்தா."

"டின்னுக்குள்ள மணல், நானா."

அன்ஸார் அவளையே பார்த்தார். "மணலோ? அல்லாஹ்வே! நான் மாத்திரை மருந்து ஏதோ எண்டெல்லோ நினைச்சன்."

மாமியின் குரல் பதிவு ஏற்கெனவே போனில் கிடந்தது. "குறை நினைக்காத பிள்ளை. இங்க லாச்சப்பல் தமிழ்க் கடையளில இல்லாத தூளோ? யதுர்சனுக்கு நான் விளங்கப்படுத்துறன்." விளக்கத்துக்கு நிறை இல்லை, மாமி அதைத் தாராளமாகக் கொண்டுபோவார்.

அம்மா பொதியை வாங்கி மணந்து பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை லீவு, மாமி வீட்டை போய் எடுப்பன் எண்டவன்" என்றார். பொதியை மேசையில் வைத்துவிட்டு, "பக்கத்து வீட்டுச் சோபனாவின்ர மச்சான் அடுத்த மாதம் பாரிசுக்குப் போறானாம். ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?"

"வேண்டாம் அம்மா. இனி ஒருத்தற்றை பெட்டியையும் பாத்துச் சிரிக்க என்னால ஏலாது."

"தபாலில போட்டாத் தூளின்ர விலையை விடக் கூட வரும்."

"வரட்டும்."

2024 ஓகஸ்ட் 15, வியாழன்.
மாமியிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. மணலை நானே எடுத்து வெளியே வைத்திருக்கலாம், வைக்கவில்லை.
நாளை: தூளை இரண்டு பைக்குள் போட்டு, மேலே துணி வைத்துத் தைப்பது. ஞாயிறு மாமி வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அண்ணாவுக்குச் சொல்வது. எட்டரைக்குத் தபால் கந்தோர். நிறை அங்கே பார்ப்பது.