இன்னும் வந்து சேராத கப்பல்

தேஹோ மாமா ராணுவத்துக்குப் போகும் முன் தன் கம்ப்யூட்டரைச் சில நாள் எங்கள் வீட்டு டிவியில் மாட்டி வைத்திருந்தார். அன்றுதான் கடைசி நாள்; மறுநாள் காலை அதை எடுத்துப்போய் நண்பனிடம் கொடுத்துவிடுவார். அதற்குள் என் விண்கப்பல் கடைசி நட்சத்திரத்தை அடைந்தாக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் என்னால் தூங்க முடியாது.

அது ஜப்பானிய விளையாட்டு. ஓர் எழுத்தும் எனக்குப் புரியாது. பாதியில் அணைத்தால் பயணம் முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் கறுப்புத் திரைதான். நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, பெரிதாகிறதா என்றே தெரியாத வேகத்தில் பெரிதாகிக்கொண்டிருக்கும்.

அன்று வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். யோங்தோ மேட்டுத் தெருப் பெண்கள் எங்கள் அறையில் கூடி, உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் இதழ்களுக்கிடையே மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மணிக்கு நாடகம். அதுக்குள்ள உன் புள்ளிய முடிச்சுக்க, மிரான்" என்றாள் அம்மா.

டிவி ரிப்பேரா என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். நேரத்தைக் கடத்த, விளையாட்டின் கதை என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கப்பலுக்குள் ஒருத்தி பனிக்கட்டிபோல் உறைந்து தூங்குகிறாள். அவளுக்கு முன்னால் யாரும் அந்த இருட்டைக் கடந்ததில்லை. அவள் கிம்ச்சி எடுத்துப் போனாளா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் எட்டு மணி தாண்டியும் யாரும் நாடகத்தைக் கேட்கவில்லை.

புள்ளி உருண்டையாகி, நீலமாகி, திரையை நிறைத்தது. மிளகாய்க் கைகள் அப்படியே நின்றன. அத்தனை பெண்களின் முகத்திலும் அந்த நீலம்.

பிறகு எழுத்துகள் வந்தன. கடைசியில் ஒரு சதுரம் கண் சிமிட்டியது. எனக்குச் சொல்லக் கதை எதுவும் மிச்சமில்லை.

அப்போது அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்த சுன்ஜா அத்தை, பள்ளிச் சிறுமிபோல எழுத்துக்கூட்டி, ஜப்பானிய மொழியில் படித்தாள். ஜப்பான்காரர்கள் எங்கள் நாட்டை ஆண்ட காலத்தில் வடக்கே ஹம்ஹுங்கில் பள்ளிக்குப் போனவள் அவள். போரின்போது கப்பலேறித் தெற்கே வந்தவள்; பிறகு எல்லை மூடியதால் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனவள். அந்த மொழியை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"என்ன போட்டிருக்கு, அத்தை?"

"நீ கிளம்பி வந்த அப்புறம் உன் ஊர்ல எண்ணூறு வருஷம் ஓடிருச்சாம். உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இப்ப இல்லையாம். திரும்பிப் போறியான்னு கேக்குது. போறதுன்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு."

கப்பலுக்குள் ஒரு தூக்கம், வெளியே எண்ணூறு வருஷம்.

"உனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமா? அப்ப நான் சொன்னது பொய்னு முதல்லயே தெரியுமா?"

"தெரியும். உன் கதை நல்லா இருந்துச்சு, அதான் பேசாம இருந்தேன்."

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. என்ன அழுத்துவது என்று அவளையே கேட்டேன். மிளகாய் படாத சுண்டுவிரலை நீட்டி, ஒன்றாம் எண்ணை அழுத்தினாள்.

நீலம் சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. மறுபடி இருட்டு. அதன் நடுவே வேறொரு புள்ளி.

அன்றிரவு டிவியை அணைக்கும்படி அம்மா சொல்லவில்லை. காலையில் மாமா வந்து வயரைப் பிடுங்கியபோதும் கப்பல் பாதி வழியில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கைக்குக் கிடைத்த விண்வெளிக் கதையையெல்லாம் படித்தேன். இப்போது நானே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி வீடு திரும்பிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யார் இருப்பார்கள் என்று எனக்கும் இன்னும் தெரியாது.